கோடு வரை கூட ஓடிய படகு

1982 ஜூலை 19

இன்று நான் வேலை பார்க்கும் நூலகத்தில் கூட்டமில்லை. பேப்பர் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர், கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குப் பந்தல் போடுவதை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். ஆறுமுகச்சாமி அண்ணாச்சி மட்டும் வழக்கம்போல வந்து, விளையாட்டுப் பக்கத்தை முதலில் உருவிக்கொண்டார்.

"ஏம்மா பூமாரி, உங்க மாப்பிள்ளை பேரு இன்னும் வரலையே?"

தேர்வு முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சிரித்தேன், அவ்வளவுதான். நான் நினைப்பதில் கால்வாசிகூட வாய்க்கு வராது. மீதிக்குத்தான் இந்த நோட்டு.

இவர் கேட்கும்படி ஆனதற்கு அப்பாதான் காரணம். நவம்பரில் டெல்லியில் ஏசியாட் நடக்கப் போகிறது. படகுப் போட்டி மட்டும் பம்பாய்க் கடலில். அதில் இரண்டு பேர் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு ஒன்று உண்டு. எனக்கு நிச்சயமான, கடற்படையில் இருக்கும் இசக்கி அத்தானும் அவருடைய லெப்டினன்ட்டும் அதற்குப் பயிற்சி எடுக்கிறார்கள். இன்னும் தேர்வே முடியவில்லை. அதற்குள் அப்பா பூ மார்க்கெட் முழுக்க, "எங்க மாப்பிள்ளை ஏசியாட்ல ஓடுதான்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆவணியில் நடக்க வேண்டிய கல்யாணம் தைக்குப் போனதும் இந்தப் போட்டியால்தான். அதில் அப்பாவுக்குப் பெருமையே தவிர வருத்தமில்லை.

அத்தான் தபசுக்கு வருகிறாராம். அவருடைய அம்மா பேச்சித்தாய் அத்தை கரிவலத்திலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறாள். முதல் விருந்து எங்கள் வீட்டில்.

ஜூலை 31

அம்மா விருந்துக்கு மல்லி வறுக்கிறாள். வீடெல்லாம் அந்த வாசனை. 

ஆகஸ்ட் 5

எப்படி எழுதுவது? எல்லாம் கெட்டுப்போயிற்று.

எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயமான மாப்பிள்ளைக்கு முதல் விருந்து வைக்கும்போது, இரண்டாம் முறை சோற்றைப் பெண்ணைப் பெற்றவர் தன் கையால் போடுவார். மறுசோறு என்பார்கள். வயிறு வெடித்தாலும் மாப்பிள்ளை அதை வாங்கிக்கொள்ள வேண்டும். இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தால், பெண்ணை வேண்டாம் என்று சொன்னதாகக் கணக்கு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அத்தான் வந்தார். நான் நடு அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மூன்று வருஷத்துக்கு முன் பார்த்த முகம் இல்லை. கன்னம் உள்ளே போயிருக்கிறது. உள்ளங்கை இரண்டும் கயிறு இழுத்துக் காய்த்திருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு வாயையும் அவ்வளவு நேரம் மென்றார். சோறு தீர்ந்துவிடக் கூடாது என்று சாப்பிடுகிற பிள்ளை மாதிரி.

அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு சட்டியோடு வந்தார். "மாப்பிள்ளை, மறுசோறு" என்று கரண்டியை நீட்டினார்.

அத்தான் கையால் இலையை மறித்தார்.

அடுத்த நொடியே கையை எடுத்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று. "மாமா, போடுங்க மாமா" என்றார். அப்பா அந்தச் சோற்றைத் திரும்பச் சட்டியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

கை கழுவ அத்தான் கொல்லைப்புறம் வந்தபோது, தண்ணீர்ச் செம்போடு நான்தான் அங்கே நின்றேன். வேறு யாருக்கும் எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை.

"கை தானா வந்துட்டு, பூமாரி" என்றார். "கப்பல்ல தெனமும் சோத்தை மறிச்சு மறிச்சுப் பழகிப்போச்சு."

ஏன் என்று நான் கேட்கவில்லை. பார்த்தேன் போலிருக்கிறது. அவரே சொன்னார். மாட்டுத் தொட்டியில் ஒரு கொட்டாங்கச்சியை மிதக்கவிட்டு, பக்கத்துக் கல் ஒன்றை அதில் வைத்தார். அது பாதி முங்கியது. "பம்பாயில போட்டி நடக்குத மாசம் காத்து கம்மி. கனமிருந்தா படகு ஊருது. சின்ன ஆளு கிடையாது எங்க லெப்டினன்ட் சாரு, நல்ல ஆகிருதி. அவரை எளைக்கச் சொல்ல முடியுமா? அதிகாரி. அதனால அவரு கூடுனா நான் குறையணும். அவரு சுக்கானைப் பிடிப்பாரு. நான் இடுப்புல கம்பியைக் கட்டிக்கிட்டு, படகுக்கு வெளிய, தண்ணி மேல சாய்ஞ்சு நிப்பேன்."

"பயமா இருக்காதா?" என்றேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி.

"இங்கன வந்து உக்காந்து சாப்பிட்டதுதான் பயமா இருந்துச்சு."

ஆகஸ்ட் 8

அத்தான் நேற்றே ரயிலேறிவிட்டார். அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. இன்று காலையில் அத்தை வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ஏலே தொரை, எம்பிள்ளை மறிச்சது சோத்தை. ஒம் மகளையா மறிச்சான்?"

"ரெண்டும் ஒண்ணுதாம்க்கா. நம்ம ஐயா காலத்துல இருந்து."

"அப்பம் ஐயாகிட்டயே போய்க் கேட்டுக்கோ. நான் போறேன்."

தாத்தா செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அத்தை தெருமுனை திரும்பும்வரை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 13

பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் அம்மாவிடம்: "மாப்பிள்ளைக்குக் கன்னம் ஒட்டிக் கெடக்கே முப்பிடாதி, நெஞ்சுல ஏதும் சீக்கு இருக்குமோ? நல்லாப் பாத்துக்கிடுங்க. படிச்ச பொண்ணு."

படிச்ச பொண்ணு! படித்த பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 22

சிவகிரியிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. தரகர் போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனார். "கார்த்திகையிலயே முடிச்சிரலாம்" என்கிறாராம். நல்ல முகமாகத்தான் இருக்கிறது. அந்த ஆள்மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. ஆனால் போட்டோவைக் கவிழ்த்து வைத்தேன்.

கார்த்திகையில் அத்தான் பம்பாய்க் கடலில் இருப்பார். நான் சிவகிரியில் இருப்பேனா?

செப்டம்பர் 1

சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டு அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோனேன். எடை விஷயம், காற்று விஷயம், எல்லாவற்றையும் மனதுக்குள் வரிசையாக வைத்திருந்தேன். பரீட்சைக்குப் போகிற மாதிரி. "அப்பா" என்றேன். அவர் நிமிர்ந்தார். "சீனி போதுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவளிடம் எல்லாம் வந்தது. அம்மா அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ போய் மாப்பிள்ளைக்குப் பரிஞ்சு பேசினா, கொல்லைப்புறத்துல ரெண்டு பேரும் நின்னு பேசினதும் வெளிய வரும். அப்புறம் ஒங்கப்பா அதுக்கு வேற ஆடுவாரு" என்றாள். சற்று நேரம் கழித்து, "நீயும் வாயத் தொறந்து பேசுனியாட்டி?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.  எனக்குப் போட்ட தோசையில் அன்று நெய் அதிகமாக இருந்தது.

செப்டம்பர் 7

சொல்லிவிட்டேன்.

வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழா. அதை ஒட்டி மாட்டுவண்டிப் பந்தயம். அப்பா போய்விட்டுப் புழுதியோடு வந்தார். சாப்பிட உட்கார்ந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

"சாரதி நல்ல பையன்தான். பக்கத்துல ஏத்தியிருக்கான் பாரு ஒருத்தனை, நெல்லு மூடை கணக்கா. தொணைச் சாரதின்னா யாரு? ஏறுததும் தெரியக் கூடாது, குதிக்கதும் தெரியக் கூடாது. அப்படி ஒருத்தன் வண்டியில இருக்கான்னு மாட்டுக்கே தெரியக் கூடாது. நானெல்லாம் தொணைச் சாரதியா ஏறுன காலத்துல, பந்தயத்துக்கு முந்தின ரெண்டு நாளு வெறும் பழைய சோத்து நீத்தண்ணிதான்."

"அந்த ரெண்டு நாளும் வீட்டுல ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது. நாய்க்கும் அடி விழும்" என்றாள் அம்மா.

நான் ரசச் சட்டியோடு நின்றிருந்தேன். யோசித்திருந்தால் வந்திருக்காது.

"அத்தானும் தொணைச் சாரதிதாம்ப்பா."

அப்பாவின் கை இலையிலேயே நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"படகுல ஏதுட்டி மாடு?"

"காத்துப்பா."

அவ்வளவுதான். பிறகு எப்படி வந்ததோ, எல்லாம் வந்தது. ஓட்டுகிறவர் கனமான அதிகாரி, அவரைக் குறை என்று சொல்ல முடியாது, அத்தான்தான் குறைய வேண்டும், கம்பியைக் கட்டிக்கொண்டு வெளியே தொங்க வேண்டும், கப்பலில் தினமும் சோற்றை மறித்துக் கை பழகிவிட்டது, மறித்த நொடியே அவர் முகம் செத்துப்போனதை நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன் — அதைக்கூடச் சொன்னேன். ரசம் என் பாதத்தில் சிந்திக்கொண்டிருந்தது. அம்மாதான் சட்டியை வாங்கினாள்.

அப்பா இலையை மூடினார். எழுந்து போனார்.

செப்டம்பர் 8

இன்று அப்பா காப்பியை அம்மா கையால் வாங்கிக் குடித்தார்.

செப்டம்பர் 10

அப்பா காலையில் ஒரு கூடைப் பிச்சிப்பூவோடு கரிவலம் பஸ் ஏறினார். பொழுது சாய்ந்து திரும்பி வந்தார். சட்டை முழுக்க வெற்றிலைக் கறை. அத்தை வீட்டு வெற்றிலை. அம்மாதான் துருவித் துருவிக் கேட்டு எனக்குச் சொன்னாள். போனவர் நேரே அடுப்படிக்குப் போய், "அவன் தொணைச் சாரதின்னு நீ ஏங்க்கா சொல்லல?" என்று அத்தையிடம் சண்டை போட்டாராம். அத்தை, "எனக்கே நீ சொல்லித்தாம்லே தெரியுது" என்றாளாம். பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்களாம்.

மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. எங்கள் வீடுகளில் எடுப்பதில்லை.

செப்டம்பர் 12

தரகரிடம் போட்டோ திரும்பிப் போய்விட்டது.

செப்டம்பர் 27

இப்போது அப்பா முன்பைவிட மோசம். மார்க்கெட்டில் பூ வாங்க வருகிற ஒருவரையும் விடுவதில்லை. படகையும் பார்க்காதவர், கடலையும் திருச்செந்தூரில் குளித்ததோடு சரி. "காத்தை மேய்க்கது மாட்டை மேய்க்கதைவிடக் கஷ்டம் வே" என்கிறாராம். அவர் சந்தோஷமாக இருப்பதைப் பார்க்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. தேர்வு என்ன ஆயிற்று?

அக்டோபர் 24

நூலகத்துக்கு ஒருவர் வந்தார். புத்தகம் கேட்கவில்லை. "தங்கச்சிதான் பூமாரியா? நான் முகம்மது ஹுசைன். வாசுதேவநல்லூர். இசக்கி கப்பல்ல சமையக்காரன்" என்றார். லீவில் வந்திருக்கிறார்.

"நான் ஆக்குத சோத்தை அவன் திங்க மாட்டேங்கான், அதனால எனக்கு அவன்மேல கோவம்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

அத்தான் தேர்வாகவில்லை. வேறு இரண்டு பேர் ஓட்டுகிறார்கள். ஆனால் அத்தானையும் லெப்டினன்ட்டையும் அனுப்பிவிடவும் இல்லை. போட்டி முடியும்வரை தினமும் அந்தப் படகுக்குப் பக்கத்தில் இவர்கள் ஓட வேண்டும். காற்று எந்தப் பக்கம், பாய் சரியாக இழுக்கிறதா என்று அவர்கள் பார்த்துக்கொள்வதற்கு. போட்டி நாளிலும் தொடக்கக் கோடு வரை கூடவே போய், வேட்டுச் சத்தத்துக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும்.

"இனியாவது தின்னுத் தொலைலேன்னு பிரியாணி ஆக்கி வச்சேன், தங்கச்சி. தொடலையே. அந்தப் படகுக்காரங்க எடையும் இவங்க எடையும் ஒண்ணா இருந்தாத்தான் கூட ஓடிப் பாக்கதுக்கு மதிப்பாம். கூடிட்டா, அவங்களுக்குத் தப்புக் கணக்கு கொடுத்த மாதிரியாம்."

 மேஜையில் இருந்த பேப்பரை மடித்தேன், விரித்தேன்.

"மாமாகிட்ட நீதான் சொல்லணும்னு சொன்னான். அவனுக்கு எழுதக் கூச்சமா இருக்காம். நீங்க ரெண்டு பேரும் நல்ல சோடிதான் போங்க."

அக்டோபர் 26

சொல்லவில்லை. அப்பா கண்ணாடிக்காரரிடம் போய், போட்டோவுக்குச் சட்டம் போட எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அத்தான் படகோடு பேப்பரில் வரப்போகிற போட்டோவுக்கு!

இதைக் கேட்டால் அப்பா என்ன செய்வார்? ஊர் சிரிக்கும். ஊர் சிரித்தால் அப்பாவுக்கு முதலில் கோபம் வரும், பிறகுதான் யோசனை வரும். சிவகிரித் தரகர் இன்னும் மார்க்கெட் பக்கம் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்.

போட்டி முடியும்வரை சொல்லாமல் இருந்துவிடலாமா? இருக்கலாம். ஆனால் அவர் நான் சொல்வேன் என்று நம்பி, அங்கே சோற்றை மறித்துக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 28

விடியற்காலையில் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தார் அப்பா. நானும் எதிர் வரிசையில் நின்று பறித்தேன். செடி நடுவில் இருந்தது வசதியாக இருந்தது. முகம் தெரியாது.

சொன்னேன்.

"தேர்வாகலேன்னா என்னட்டி அர்த்தம்?" என்றார்.

"வேற ரெண்டு பேரு ஓட்டுதாங்கப்பா. இவங்க கோடு வரைக்கும் கூட ஓடிட்டுத் திரும்பணும்."

பூ விழுகிற சத்தம் நின்றது. 

"அப்பம் இனிமே அவன் நல்லாத் திங்கலாம்லா?"

"இல்லப்பா. அவங்க எடையிலயே இருக்கணும். இல்லேன்னா கூட ஓடுததுல அர்த்தமில்லையாம்."

"ஓடாத பந்தயத்துக்கா பட்டினி கெடக்கான்?"

"ஆமாப்பா."

 பிறகு செடிக்கு அந்தப் பக்கம் மறுபடி பூ விழத் தொடங்கியது, மெதுவாக. அப்பா கேட்டார்: "நான் ஒரு தடவை தோத்ததுக்கு, சாரதியோட ஆறு மாசம் பேசல, தெரியுமாட்டி?"

எனக்கு அது தெரியாது. அப்பா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார்.

அக்டோபர் 29

பூக்கடைப் பிச்சையா வீட்டு அக்கா சொல்லித் தெரிந்தது. நேற்று அப்பா தானாகவே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். "எங்க மாப்பிள்ளை பந்தயத்துல ஓடல. கூட ஓடுதான்."

"அப்பம் பதக்கத்துல பாதி வெட்டித் தருவாங்களா வே?" என்று பிச்சையா கேட்டாராம். மார்க்கெட்டே சிரித்ததாம்.

அப்பா கோபப்படவில்லையாம். "ஜெயிக்கதுக்குப் பட்டினி கெடக்கவன் ஊருக்கு ஒருத்தன் இருப்பான் வே. அடுத்தவன் ஜெயிக்கதுக்குக் கெடக்கவனை நீ பாத்திருக்கியா? அவனுக்குத்தான் எம் மகளைக் கொடுக்கேன்" என்றாராம்.

இதை எழுதும்போது எழுத்து கலங்கித் தெரிகிறது.

நவம்பர் 19

ஏசியாட் தொடங்கிவிட்டது. ரேடியோவில் டெல்லிதான். பம்பாயைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அப்பா ரேடியோவின் தலையில் தட்டிப் பார்த்தார்.

நவம்பர் 25

நூலகத்தில் பேப்பர் வந்ததும் ஆறுமுகச்சாமி அண்ணாச்சிக்கு முன் நான் எடுத்துவிடுகிறேன். ஹாக்கி, ஓட்டம், நீச்சல். படகு இல்லை. இன்று காலை கிளம்பும்போது வேப்பமரத்தில் இலை அசையவில்லை. பம்பாயிலும் அப்படியா? அப்படியென்றால் நல்லதுதானா? யாரைக் கேட்பது?

டிசம்பர் 2

கடைசிப் பக்கத்தின் மூலையில் நாலு வரி. பாய்மரப் படகில் நமக்குப் பதக்கம். ஆறுமுகச்சாமி அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் படித்தார். எல்லோருக்கும் கேட்க, "ஆனா ஒங்க மாப்பிள்ளை பேரு இல்லையேம்மா" என்றார்.

வழக்கமாகச் சிரிப்பேன். இன்று சொன்னேன். "அவங்க கோடு வரைக்கும் கூட ஓடினவங்க, அண்ணாச்சி. பேரு போட மாட்டாங்க."

என் குரல் நூலகத்தில் அத்தனை பெரிதாகக் கேட்டு எனக்கே திக்கென்றது. 'அமைதி' என்று பலகை மாட்டியிருப்பது என் தலைக்கு மேலேதான்.

1983 ஜனவரி 9

அத்தான் வந்துவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பெண் வீட்டுக்காரர் மாப்பிள்ளையை எதிர்கொண்டு போகும் வழக்கம் எங்களில் இல்லை. ஆனால் இருட்டு விலகுவதற்கு முன்பே அப்பா ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார். அத்தை கரிவலத்தில் காத்திருக்க, மாப்பிள்ளையை முதலில் இங்கே அழைத்து வந்துவிட்டார். அதற்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

தெருவில் முதலில் கேட்டது அப்பாவின் குரல்தான். பழைய வண்டிப் பந்தயத்தில் எந்த மாடு எந்தத் திருப்பத்தில் சண்டித்தனம் செய்தது என்பது பற்றி. அத்தானின் டிரங்குப் பெட்டி அப்பா தோளில் இருந்தது. அத்தான் பின்னால் வெறுங்கையோடு தவித்துக்கொண்டு வந்தார்.

வாசலில் உட்கார்ந்தும் அப்பா நிறுத்தவில்லை. கம்பி எத்தனை கனம், கால் எங்கே ஊன்றுவது, காற்று மாறுவது எப்படித் தெரியும், எல்லாம் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். அத்தான் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால். கடைசியில் அம்மா வந்தாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டலையா?"

"காட்டியாச்சே."

"இன்னொரு தரம் காட்டுங்க."

அப்பா எங்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், எழுந்து போனார்.

இந்த ஐந்து மாதமாக ஒரே ஒரு கேள்விதான் எனக்குள் இருந்தது என்று இல்லை. ஆனால் வாயில் வந்தது இதுதான்: "கோட்டுக்கிட்ட போய்த் திரும்பும்போது எப்படி இருந்துச்சு?"

அவர் காய்த்த கையைத் தேய்த்துக்கொண்டார்.

"மொத நாளு அழுதேன். முகமெல்லாம் கடல் தண்ணி, சாருக்குத் தெரிஞ்சிருக்காது." பிறகு சொன்னார்: "கோட்டுக்குப் போகும்போது காத்து எதுக்க அடிக்கும். பாயி படபடன்னு அடிச்சுக்கிடும், ஒருத்தர் சொல்லுதது ஒருத்தருக்குக் கேக்காது. திரும்புனோம்னா காத்து பின்னால வந்திரும். ஒரு சத்தமும் இருக்காது, பூமாரி. அம்புட்டு அமைதி. அப்பம்தான் சாரு பேசுவாரு. ஊருல யாரு இருக்கான்னு கேட்டாரு. ஒம் பேரைச் சொன்னேன். அவருக்கு வாயில வரல. கரைக்கு வாரது வரைக்கும் சொல்லிக் கொடுத்தேன்."

நான் தூணைவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன், அவருக்கு எதிரில்.

அதற்குள் அப்பா திரும்பிவிட்டார். மாடு தண்ணீர் குடிக்கவில்லையாம். பந்தயக் கதையை விட்ட திருப்பத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.